நாலடி பத்தங்குலமும் நீள கவுனும்



ஆண்டு மலருக்கு எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டதும், கவிதை எழுதலாமா, துணுக்கு எழுதலாமா என்று நான் ரொம்ப யோசித்தேன். கடைசியில் படிக்கிற படிப்பிலிருந்தே ஒன்றை எழுதுவோம் என்று முடிவு செய்தேன். நான் படிப்பது ஆடைத் தொழில்நுட்பம். "டெய்லர் வேலைதானே!" என்று மற்ற டிபார்ட்மெண்ட் நண்பர்கள் கேலி செய்வதுண்டு. அவர்களும் இதைப் படிக்கட்டும். இதிலும் கணக்கு இருக்கிறது, டிராயிங் இருக்கிறது.

என் உயரம் 4 அடி 10 அங்குலம். ஸ்கூலில் பிரேயருக்கு நின்றால் எப்போதும் முதல் வரிசைதான். "குள்ளமானவங்களுக்கு நீள டிரஸ் எடுபடாது" என்று துணிக்கடைக்காரர் முதல் எங்கள் சித்தி வரை எல்லோரும் சொல்லிச் சொல்லி, நானும் அதை நம்பியிருந்தேன். அது தப்பு என்று எனக்குப் புரிந்தது நாலாவது செமஸ்டர் பிராக்டிகலில்தான்.

கெட்டுப்போன 3 மீட்டர்

அவரவர் அளவுக்கு ஒரு நீள கவுன் தைக்க வேண்டும், துணி நாமே வாங்க வேண்டும் என்றார்கள். என் அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான். அந்த வாரச் சம்பளத்தில் அம்மா 3 மீட்டர் ரேயான் துணி எடுத்துக் கொடுத்தார். மெரூன் கலர்.

லேபில் இருந்த பொது அளவு பேட்டர்னின் முழு நீளம் 54 அங்குலம். தோளிலிருந்து கணுக்கால் வரை என் நீளம் 48. 54-ல் 48 போனால் 6. நான் கீழே 6 அங்குலத்தை ஒரே வெட்டாக வெட்டிவிட்டேன். வேலை சுலபமாக முடிந்தது என்று சந்தோஷம் வேறு.

தைத்துப் போட்டுப் பார்த்தால் அக்கா சட்டையைத் தங்கச்சி போட்டது போல இருந்தது. இடுப்புத் தையல் இடுப்புக்குக் கீழே இறங்கி நின்றது. முழங்காலில் ஆரம்பிக்க வேண்டிய ஃபிளேர் கெண்டைக்காலில் ஆரம்பித்தது. வெட்டி எடுத்த 6 அங்குலம்தான் ஃபிளேரின் அகலமான பகுதி. அது போனதால் கீழ்ச்சுற்று குறுகி, எட்டு வைத்தால் காலைத் தடுத்தது. தோழிகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, பாத்ரூமில் போய் அழுதேன். துணியின் விலை எனக்குத்தானே தெரியும்.

எங்கள் மேடம் பார்த்துவிட்டு, "ஏம்மா, நீ கால்ல மட்டுமா குள்ளம்?" என்று கேட்டார். முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் பாடமே அந்த ஒரு கேள்வியில்தான் இருந்தது.

பங்கு போட்டுக் குறைக்க வேண்டும்

உயரம் குறைந்தவர்களுக்குக் கால் மட்டும் குறைவதில்லை. தோள் முதல் கணுக்கால் வரை ஒவ்வொரு பகுதியும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருக்கும். பேட்டர்னையும் என்னையும் அளந்து பார்த்தபோது வந்த கணக்கு இது:

தோள் முதல் இடுப்பு வரை: பேட்டர்ன் 15½, நான் 14. குறைக்க வேண்டியது 1½.
இடுப்பு முதல் சீட் வரை: 8, நான் 7. குறைக்க வேண்டியது 1.
சீட் முதல் முழங்கால் வரை: 15, நான் 13½. குறைக்க வேண்டியது 1½.
முழங்கால் முதல் கணுக்கால் வரை: 15½, நான் 13½. குறைக்க வேண்டியது 2.

கூட்டிப் பாருங்கள், அதே 6 அங்குலம்தான். ஆனால் நாலு இடத்தில் பிரிந்து குறைகிறது. பேட்டர்ன் பேப்பரில் ஒவ்வொரு பகுதியிலும் குறுக்கே ஒரு கோடு போட்டு, அந்த அளவுக்கு மடித்து ஒட்டிவிட்டு, பக்கவாட்டுக் கோட்டைச் சீராக வரைந்தால் போதும். ஃபிளேரும் கெடாது, இடுப்பும் இறங்காது. மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சொல்வதானால், டிராயிங்கில் ஸ்கேலைக் குறைத்தால் எல்லா அளவையும் குறைக்கிறோம். ஷீட்டின் அடியை மட்டும் கிழித்துவிட்டு ஸ்கேலைக் குறைத்தேன் என்று சொல்வோமா?

அமெரிக்காவில் 5 அடி 4 அங்குலமும் அதற்குக் கீழும் உள்ள பெண்களுக்கு 'பெட்டீட்' என்று தனி அளவே உண்டு. பெட்டீட் என்றால் ஒல்லி என்று அர்த்தமில்லை. தோள், கை நீளம், இடுப்பு உயரம் எல்லாவற்றையும் விகிதப்படி குறைத்து வெட்டுவதுதான் பெட்டீட். நம் ஊர் ரெடிமேட் கடைகளில் அப்படி ஓர் அளவு கேட்டால் கிடைப்பது அரிது. அதனால் நாம்தான் டெய்லரிடம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

வெட்டிய பிறகு என்ன செய்வது?

மடித்து ஒட்டுவதெல்லாம் வெட்டுவதற்கு முன்பு. நான் ஏற்கெனவே வெட்டிவிட்டேனே! மறுபடி துணி கேட்க எனக்கு மனமில்லை. அப்போது கை கொடுத்தது எம்பயர் கட். 1800-களின் தொடக்கத்தில் பிரான்சில் நெப்போலியனின் மனைவி ஜோசஃபின் போன்றவர்கள் அணிந்த பாணி இது. இடுப்புத் தையல் இடுப்பில் இருக்காது, மார்புக்குச் சற்றுக் கீழேயே இருக்கும். நாம் போடும் அனார்கலியிலும் பெரும்பாலும் இப்படித்தான். தையல் மேலே ஏறியதும், அதிலிருந்து கீழ்வரை எல்லாம் கால் போலவே கண்ணுக்குத் தெரியும். உயரம் கூடின மாதிரி இருக்கும்.

மேல்பகுதியை 15½-லிருந்து 10 அங்குலமாகக் குறைத்தேன். பாவாடைப் பகுதி 5½ அங்குலம் மேலே ஏறியது. அதோடு கெண்டைக்காலில் கிடந்த ஃபிளேரும் தானாகவே முழங்காலுக்கு ஏறிவிட்டது. வெட்டிப்போட்ட 6 அங்குலத் துண்டை அடியில் மறுபடி இணைத்தேன். தையலுக்குப் போனது போக 47 அங்குலம் நின்றது. கணுக்கால் எலும்பு தெரியும் அளவு. ஒரே கலர் என்பதால் ஒட்டுத் தையல் கண்ணில் படவில்லை.

நினைவில் வைக்க வேண்டியவை

1. ஹெம் நிற்கும் இடம் முக்கியம். கெண்டைக்காலின் பருத்த இடத்தில் நின்றால் கால் வெட்டியது போலத் தெரியும். கணுக்கால் எலும்பு வரையோ, தரையிலிருந்து அரை அங்குலம் மேலோ நிற்கட்டும். போடப்போகும் செருப்போடு நின்று அளவு கொடுங்கள்.

2. மேலிருந்து கீழ்வரை ஒரே நிறக் குடும்பம் நல்லது. நடுவில் அகலமான பெல்ட், அடியில் பெரிய கான்ட்ராஸ்ட் பார்டர் என்று வந்தால் அங்கங்கே உயரம் துண்டாகும். பெல்ட் வேண்டுமென்றால் மெல்லியதாக, அதே நிறத்தில் போடுங்கள். துப்பட்டாவை ஒரு தோளில் நேராகத் தொங்கவிடுங்கள்.

3. விழுகிற துணி எடுங்கள். ரேயான், கிரேப், ஜார்ஜெட் உடம்போடு இறங்கும். கஞ்சி போட்ட காட்டனும் ஆர்கன்சாவும் குடை போல விரிந்து அகலத்தைக் கூட்டும். ஃபிளேர் வேண்டுமானால் இடுப்பில் சுருக்கம் குவிக்காமல் கலி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

4. 'வி' கழுத்து கழுத்தை நீட்டிக் காட்டும். பிரின்சஸ் கட் வைத்தால் தோளிலிருந்து அடிவரை ஒரே கோடாகத் தையல் ஓடும்.

5. குறுக்குக் கோடு போட்ட துணிக்குப் பயப்படாதீர்கள். டிராயிங் ஷீட்டில் ஒரே அளவில் இரண்டு சதுரம் போடுங்கள். ஒன்றைக் குறுக்குக் கோடுகளாலும், மற்றதை நெடுக்குக் கோடுகளாலும் நிரப்புங்கள். குறுக்குக் கோட்டுச் சதுரம்தான் உயரமாகத் தெரியும்! ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1867-லேயே இதை எழுதிவிட்டார். 2011-ல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைகளை வைத்தும் சோதித்து, குறுக்குக் கோடு ஆளைக் குண்டாகக் காட்டுவதில்லை என்றார்கள். கோடுகள் மெல்லியதாக, நெருக்கமாக இருந்தால் போதும்.

6. நீள உடையில் மெஷின் லேபுக்குப் போகாதீர்கள். டூவீலரில் உட்காரும்போது உடையையும் துப்பட்டாவையும் சுருட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். அழகு வேண்டியதுதான், உயிர் அதைவிட வேண்டியது.

கடைசியாக ஒன்று

பிராக்டிகலில் மார்க் நல்லபடியாகவே வந்தது. கவுனை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். அம்மா முதலில் பார்த்தது தையலைத்தான். பிசிறு இருக்கிறதா என்று உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இந்த மாதிரி நீள கவுன் எத்தனையோ என் கையில வந்து போயிருக்கு கண்ணு. ஒருநாளும் நம்ம அளவுக்கு இருக்கும்னு நினைச்சதில்ல" என்றார்.

அம்மா என்னைவிட ஒரு அங்குலம் குள்ளம். கடையில் வாங்கும் நைட்டி 54, 56 அங்குலம் என்று வரும். அதைத் தூக்கிச் செருகிக்கொண்டுதான் மாடிப்படியில் தண்ணிக்குடம் தூக்குவார். போன லீவில் அம்மாவை நிற்க வைத்து நாலு இடத்திலும் அளவெடுத்தேன். "எனக்கெதுக்கு இதெல்லாம்" என்றாலும் அசையாமல் நின்றார். இப்போது அந்த நைட்டியைப் போட்டுக்கொண்டு செருகாமலே படி ஏறுகிறார்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். தோழியரே, உயரத்தில் குறை ஒன்றும் இல்லை. நமக்கென்று யாரும் அளவெடுக்காததுதான் குறை. இனி டெய்லர் கடைக்குப் போனால் "கீழே மட்டும் வெட்டாதீங்க, அளவெடுத்து வெட்டுங்க" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.



– மூன்றாம் ஆண்டு மாணவி, ஆடைத் தொழில்நுட்பம்