இரண்டு கிழமைக்கு வேண்டிய உணவு

2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் வந்தது. கொழும்பில் அது பகலிலும் தளர்வதற்கு இரு மாதங்களுக்கு மேலாயிற்று. மாதச் சம்பளக்காரர் ஒருவாறு சமாளித்தனர். அன்றாடம் உழைத்து அன்றாடம் அரிசி வாங்கும் கொட்டாஞ்சேனைக் குடும்பங்களின் நிலை வேறு. ஆகவே, அன்பான வாசகர்களே, இரண்டு கிழமைக்கு வேண்டிய உணவை வீட்டில் எப்படிச் சேர்த்து வைக்கலாம் என்று பார்ப்போம்.

வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 300 கிராம் அரிசியும் 60 கிராம் பருப்பும் என்று கொள்ளுங்கள். ஐந்து பேருக்குப் பதினான்கு நாளைக்கு 21 கிலோ அரிசி, நாலேகால் கிலோ பருப்பு. கணக்கைக் கண்டு மலைக்க வேண்டாம். உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் வழக்கம் நம்மிடம் பழையது. பிடி 50 கிராம் என்றாலும் மாதம் ஒன்றரைக் கிலோ சேரும். வசதியுள்ளோர் கடைக்குப் போகுந்தோறும் அரைக் கிலோ கூட்டி வாங்கலாம். எகிப்தில் யோசேப்பு தானியம் சேர்த்தது விளைச்சல் பெருகிய ஏழு ஆண்டுகளில். பஞ்சம் வந்த பிறகல்ல. தட்டுப்பாடு தொடங்கிய பின் கடையை அள்ளுவதற்குப் பதுக்கல் என்றுதான் பெயர். வரிசையின் கடைசியில் நிற்கும் கூலித்தொழிலாளி அதனால் வெறுங்கையோடு திரும்புவார்.

வீட்டார் வழக்கமாக உண்பதையே வையுங்கள். பழையதை முதலில் எடுத்துச் சமையுங்கள். கொழும்பின் ஈரக் கடற்காற்றில் வண்டு விரைவில் பிடிக்கும். இறுக மூடும் டின்னில் சில செத்தல் மிளகாயும் போட்டு வைப்பது பாட்டிமார் கண்ட வழி. தீட்டாத சிவப்பரிசி சத்து மிக்கது; ஆனால் தவிட்டிலுள்ள எண்ணெயால் விரைவில் கெடும்.

2022இல் அரிசி இருந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. மார்ச் இறுதியில் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. வெள்ளவத்தைத் தொடர்மாடியின் ஆறாம் மாடியில் விறகை எங்கே மூட்டுவது? எனவே அவல், வறுத்த சத்துமா, டின் மீன், பேரீச்சம்பழம் போன்ற சமைக்காமல் உண்ணத்தக்கவையும் இருக்கட்டும். மின்சாரம் நின்றால் மாடிக்குத் தண்ணீரும் ஏறாது. ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லீற்றர் குடிநீராக மூன்று நாளைக்காவது நிரப்பி வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு, சொல்ல மனம் கனக்கிறது. 1983 ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையை விட்டு ஓடியவர்களால் அரிசி மூட்டையைத் தூக்கிச் செல்ல முடியவில்லை. இரத்மலானை விமான நிலைய முகாமுக்கு உடுத்த உடையோடு வந்தவர் பலர். தீயோ வெள்ளமோ வந்தாலும் இதே கதைதான். கதவருகே ஒரு பையில் பிஸ்கட், தண்ணீர்ப் போத்தல், மருந்து, பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கட்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் பால்மாவும் போச்சியும் அதற்குள் முதலில் போகட்டும்.