காய்ச்சல் மாத்திரை: அளவும் இடைவெளியும்



டாக்டர் சீட்டு இல்லாமலே நம் வீடுகளில் அதிகம் வாங்கும் மருந்து பாராசிட்டமால். டோலோ, கால்பால், குரோசின் எனப் பெயர்கள் பல. உள்ளே இருப்பது ஒன்றே. சளி மாத்திரைகள் பலவற்றிலும் அது கலந்திருக்கிறது. காலையில் ஒன்று, மதியம் சளிக்கு வேறொன்று, இரவு உடம்பு வலிக்கு இன்னொன்று என்று போட்டால் ஒரே மருந்தைத்தான் மறுபடி மறுபடி விழுங்குகிறோம். அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். எழுத்து தெரியாவிட்டால் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 அல்லது 650 மில்லிகிராம். அடுத்ததைப் போட 6 மணி நேரம் போகட்டும். 650 மாத்திரை என்றால் ஒரு நாளைக்கு நான்கோடு நிறுத்துங்கள். கல்லீரல் நோய் உள்ளவர்களும் மெலிந்த முதியவர்களும் டாக்டரைக் கேட்டே போட வேண்டும். அளவு மீறினால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. கல்லீரல் கெடுவது அதன் பிறகே வெளியே தெரியும். மாற்று மருந்து முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். ஆகவே, "நல்லாத்தானே இருக்கிறார்" என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குழந்தைகளுக்கு வயதைவிட எடைதான் கணக்கு. கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம்; 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150. சிரப்பில் 5 மில்லிக்கு 125 என்றும் 250 என்றும் இரு வகை உண்டு. சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 இருக்கும். அதைச் சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் 500 போய்விடும். சமையலறைக் கரண்டி வேண்டாம், பாட்டிலோடு வரும் மூடியோ துளிக்குழாயோதான். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்தைத் தேடாமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

2025 அக்டோபரை நாம் மறக்க முடியாது. நம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். பாராசிட்டமாலோடு சளி மருந்துகள் கலந்த சிரப் அது. உயிரைப் பறித்தது பாராசிட்டமால் அல்ல, அதில் கலந்திருந்த டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு. தயாரித்த ஸ்ரீசன் நிறுவனத்தின் உரிமம் அதே மாதம் ரத்தானது. அந்தச் சளி மருந்துக் கலவையை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023-லேயே மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொல்லியிருந்தது. சிறு குழந்தையின் சளி பெரும்பாலும் தானே போகும். இருமல் சிரப்பை நாமாக வாங்க வேண்டாம்.

தறியில் குனிந்து உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டால் பெட்டிக்கடையிலோ மருந்துக்கடையிலோ 'செட் மாத்திரை' கேட்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பேர் தெரியாத மாத்திரைகள் காகிதத்தில் மடித்து வரும். அதில் டைக்ளோஃபினாக் போன்றவை இருந்தால், தினமும் போடப் போட வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரும். டெங்கு காலத்தில் அவை இரத்தக் கசிவை அதிகமாக்கும்; ஆஸ்பிரின், ஐபுபுரூஃபனும் அப்படியே. அப்போது பாராசிட்டமால் மட்டுமே.

ரமலானில் ஒரு வழக்கம் பார்க்கிறோம். பகல் முழுக்கத் தாங்கட்டும் என்று சஹரில் மூன்று மாத்திரை சேர்த்துப் போடுகிறார்கள். அதன் வேலை 4 முதல் 6 மணி நேரம்தான். கூட்டிப் போட்டால் நேரம் நீளாது, கல்லீரலுக்குத்தான் பாரம். நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் களா செய்யும் சலுகையை மார்க்கம் கொடுத்திருக்கிறதே, அதைப் பயன்படுத்துவதில் என்ன கூச்சம்?

காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும், வாந்தி நிற்காவிட்டாலும், குழந்தை சோர்ந்து கிடந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். போகும்போது கொடுத்த மருந்தின் அட்டையையும் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.