அந்தப் படத்தை இப்போது மாட்டாதே

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. பையன்கள் அல்ஸ்டர் பள்ளிகளின் கேலிக் கால்பந்துக்கான மக்ரோரி கோப்பையின் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்கள் என்று படித்ததும் எழுந்துபோய் ஜன்னலோரம் கொஞ்ச நேரம் நின்றேன். நீ ஒன்பது வயதில் மழைச்சேற்றில் பந்தைத் தரையில் தட்டத் தெரியாமல் விழுந்து எழுந்தது நினைவுக்கு வந்தது. சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு சந்தோஷம் எனக்கு இனி மிச்சமிருக்கும் என்று நினைக்கவில்லை.

ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு விஷயம் எழுதியிருந்தாய். கடைசியாகக் கோப்பை வென்ற அணியின் படத்தைப் பழைய மாணவர்கள் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், ஆட்டத்தன்று காலையில் உடைமாற்றும் அறையில் மாட்டப்போகிறேன் என்று. தம்பி, மாட்டாதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் மாட்டியவன். நீ என்னிடம் வருவதற்கு முன்னால், வேறொரு பள்ளியில் இருந்த காலம். அரையிறுதிக்கு முந்தைய நாள் ஒரு கருப்பு வெள்ளைப் படத்தை ஆணியடித்து மாட்டி, அதில் நின்ற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் காட்டினேன். இவர்களுக்குப் பிறகு இந்தப் பள்ளிக்கூடம் எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறது தெரியுமா என்று கேட்டேன். பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். மரியாதை என்று நினைத்தேன், பயம் என்று மறுநாள்தான் புரிந்தது. கம்பங்களுக்கு நேரெதிரே நின்றவன்கூட உதைக்காமல் பக்கத்தில் இருப்பவனிடம் பந்தைத் தள்ளினான், அவன் அடுத்தவனிடம் தள்ளினான். தவறவிட்டவன் என்ற பெயரை எடுக்க ஒருவனுக்கும் துணிவில்லை. தோற்றோம். பஸ் ஏறும்போது எங்கள் நடுக்கள ஆட்டக்காரன், பதினேழு வயதுப் பையன், என் கையைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சிடுங்க சார், அவங்களை ஏமாத்திட்டோம்” என்றான். படத்தில் இருந்தவர்களைச் சொன்னான். கண்ணால் பார்த்தே இராத மனிதர்களிடம் அவன் மன்னிப்புக் கேட்டான். அந்தச் சுமையை அவன் தோளில் ஏற்றிவிட்டவன் நான்.

ஆர்மா செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளியின் கதையை உனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். வென்ற பாதியை மட்டும் சொல்லியிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. 1946. அகில அயர்லாந்துப் பள்ளிகளுக்கான ஹோகன் கோப்பையின் முதல் வருஷம். டப்ளின் குரோக் பார்க்கில் இறுதிப் போட்டி, எதிரே துவாம் செயின்ட் ஜார்லத்ஸ். ஆர்மாவுக்கு மூன்று கோல், பதினொரு பாயின்ட். துவாமுக்கு நான்கு கோல், ஏழு பாயின்ட். வலைக்குள் போனால் மூன்று, குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒன்று. உன்னை முதன்முதலாக மைதானத்துக்கு அழைத்துவந்த அன்று சொல்லிக்கொடுத்த அதே கணக்கைப் போட்டுப் பார்: இருபது, பத்தொன்பது. அந்த இருபதில் பதின்மூன்று டங்கனன் பையன் இகி ஜோன்ஸ் ஒருவனே எடுத்தது, மூன்று கோலும் நான்கு பாயின்டும். இந்த இடம் வந்ததும் நான் எப்போதும் குரலை உயர்த்தி நிறுத்திக்கொள்வேன். நீயும் கை தட்டுவாய்.

அன்று ஒரே ஒரு பாயின்டில் தோற்ற துவாம் அணியில் ஷான் பர்செல் இருந்தான். எதிராளியைவிட ஒரு கோல் கூடுதலாக அடித்தும் தோற்று வீட்டுக்குப் போன அணி அது. மறுவருஷமே துவாம் அந்தக் கோப்பையை எடுத்துக்கொண்டது. 2002க்குள் பன்னிரண்டு தடவை எடுத்தது, வேறெந்தப் பள்ளிக்கும் அத்தனை இல்லை. 1946க்குச் சரியாகப் பத்து வருஷம் கழித்து, 1956இல், அந்த இரண்டு பையன்களும் பெரியவர்களாகி அகில அயர்லாந்து அரையிறுதியில் மறுபடி எதிரெதிரே நின்றார்கள். ஜோன்ஸ் டைரோன் கவுன்டிக்கு, பர்செல் கால்வே கவுன்டிக்கு. டைரோன் அந்த வருஷம்தான் தன் முதல் அல்ஸ்டர் பட்டத்தை வென்றிருந்தது. ஜோன்ஸ் பந்தோடு எல்லோரையும் தாண்டிக்கொண்டு கோல்வரை ஓடிவிட்டார். கால்வே கோல்கீப்பர் ஜாக் மங்கன் தடுத்துவிட்டார். கால்வே ஜெயித்தது, அந்த வருஷப் பட்டமும் அவர்களுக்கே போனது. 1999இல் ஆயிரமாண்டின் அணி என்று பதினைந்து பேரைத் தேர்ந்தபோது பர்செல் அதில் இருந்தார்.

பள்ளி வயதில் வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் ஆட்டம் அங்கே முடியவில்லை, பார். உன் பையன்களுக்குக் கதை சொல்லத்தான் வேண்டுமென்றால் இதைச் சொல். படம் எதுவும் தேவைப்படாது.

செயின்ட் பேட்ரிக்ஸின் அடுத்த பாதிக்கு வருகிறேன். அந்தக் கோப்பை அவர்களிடம் மறுபடி வந்தது 2000இல். நடுவில் ஐம்பத்து நான்கு வருஷம். 1949 முதல் 1956 வரை போட்டியே நடக்கவில்லை. 1988இல் அந்தப் பள்ளி கிறிஸ்தவச் சகோதரர்களின் பள்ளியோடு இணைந்து பெயரே மாறியது. நீ இப்போது குறிவைத்திருக்கும் கோப்பையை 1923இல் கொடுத்த ஜோசப் மக்ரோரி பின்னாளில் அந்த ஊரின் பேராயராகவே இருந்தார். பேராலயத்தின் நிழலிலேயே இருக்கும் பள்ளி. இருந்தும் காத்திருந்தது. 2000இல் கோப்பையைத் தூக்கிய பையன்கள் எண்பதுகளில் பிறந்தவர்கள். ஐம்பத்து நான்கு வருஷத்தை அவர்கள் எப்படிக் காத்திருக்க முடியும்? அவர்களுக்கு இருந்தது நல்லதாக ஓர் ஏழு வருஷம், பதினொரு வயதில் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து. காத்திருப்பு நம்மைப் போன்ற பெரியவர்களுடையது, வாத்தியார்களுடையது, கேலரியில் நிற்கும் பழைய மாணவர்களுடையது. அதை நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

இதைப் படிக்கும்போது உனக்கு ஜோ கெர்னன் ஞாபகம் வரும். 2002 செப்டம்பர், அகில அயர்லாந்து இறுதிப் போட்டி, ஆர்மா கவுன்டியும் கெரி கவுன்டியும், இடைவேளையில் ஆர்மா நான்கு பாயின்ட் பின்னால். அதுவரை ஆர்மா அகில அயர்லாந்துப் பட்டத்தை வென்றதேயில்லை. 1953இல் தோல்வி, 1977இல் தோல்வி. பயிற்சியாளராக நின்ற கெர்னன், 1977இல் தோற்றதற்குத் தனக்குக் கொடுத்த நினைவுப் பரிசை வீட்டிலிருந்து எடுத்துவந்து, ஆட்டக்காரர்களுக்குக் காட்டி, சுவரில் வீசியடித்து உடைத்தார். அவர் செய்யலாம், நான் செய்யக்கூடாதா என்று கேட்பாய்.

இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. 1977 இறுதிப் போட்டியில் கெர்னன் இரண்டு கோல் அடித்தும் தோற்றவர். அவர் கொண்டுவந்தது தன் தோல்வி. இருபத்தைந்து வருஷம் தன் வீட்டில் வைத்திருந்ததை அவரே உடைத்தார். அதை அவர்கள் தலையில் ஏற்றவில்லை, அவர்கள் கண்முன் இறக்கிவைத்தார். அப்புறம் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் வளர்ந்த ஆண்கள். உன் எதிரே உட்காரப்போகிறவர்களில் பாதிப் பேருக்கு இன்னும் சரியாக மீசை வரவில்லை.

அந்த ஆட்டத்திலிருந்தே நான் உனக்கு எடுத்துத் தர விரும்புவது வேறு. 1953 இறுதியில், எண்பத்தாறாயிரத்துக்கு மேல் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, ஆர்மாக்காரர் ஒருவர் பெனால்டியைத் தவறவிட்டார். கெரி நான்கு பாயின்டில் வென்றது. அவர் பெயரை ஊர் இன்றும் அந்த ஓர் உதையோடு சேர்த்துத்தான் சொல்கிறது. நான் இங்கே எழுதவில்லை, அவர் போதுமான அளவு சுமந்துவிட்டார். 2002இல் முதல் பாதியில் அதே ஆர்மாவுக்கு, அதே கெரிக்கு எதிரே பெனால்டி. ஒஷீன் மக்கான்வில் அடித்தார், தவறிவிட்டது. மைதானத்தில் இருந்த வயசாளிகள் அத்தனை பேர் மனசிலும் 1953 வந்துபோயிருக்கும். மக்கான்வில் இரண்டாம் பாதியில் மறுபடி பந்தைக் கேட்டார், வாங்கினார், கோல் அடித்தார். ஆர்மா ஒரு பாயின்டில் ஜெயித்தது, ஒரு கோலும் பன்னிரண்டு பாயின்டும், எதிரே கோல் இல்லாமல் பதினான்கு பாயின்ட். தவறவிட்ட பிறகும் பந்தைக் கேட்கிற பையன் உனக்கு வேண்டும். சுவரில் பழைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தால் அவன் கேட்கமாட்டான். நான் கண்டது அது.

இன்னொன்றும் மனசில் இருக்கிறது. 2023இல் ஓமா பள்ளி ஹோகன் இறுதியில் ஸ்லைகோ சம்மர்ஹில்லிடம் தோற்றது. சம்மர்ஹில்லுக்கு அது முதல் கோப்பை. 2024இல் ஓமா திரும்பிவந்து டிராலி மவுன்ட்ஹாக் பள்ளியை வென்றது. எல்லோரும் திரும்பிவந்த கதையைப் பேசுகிறார்கள், பேசட்டும். நான் 2023இல் கடைசி வகுப்பில் இருந்த ஓமா பையன்களை நினைக்கிறேன். அவர்களுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. ஊர் அணிக்கும் கவுன்டி அணிக்கும் அடுத்த கோடை உண்டு, பள்ளி அணிக்கு ஆள் நிற்காது. உன் அணியிலும் அப்படி ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அவர்கள் யார் என்று உனக்குத் தெரியும். ஆட்டத்துக்கு முந்தைய நாள் அவர்களைத் தனித்தனியாகப் பார்த்துப் பேசு. ஆட்டத்தைப் பற்றி வேண்டாம். அடுத்து என்ன படிக்கப்போகிறான், அம்மா எப்படி இருக்கிறார், அதைக் கேள். ஜெயித்தாலும் தோற்றாலும் நாளை மறுநாளும் நீ அவர்களுக்கு வாத்தியார்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆட்டத்துக்கென்று சொல்ல எனக்கு அதிகம் இல்லை, இப்போதைய ஆட்டம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். புது விதிப்படி நாற்பது மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து உதைத்தால் இரண்டு கிடைக்கிறது. இறுதிப் போட்டியில் அது பையன்களுக்குப் பெரிய ஆசை காட்டும். காற்று எந்தப் பக்கம் என்று முன்பே சொல்லிவிடு, யார் அடிக்கலாம் என்று இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொள். குளிர்காலத் தரையை நம்பாதே, காலணியின் குமிழ்களைக் காலையிலேயே பார்க்கச் சொல். வெளியே உட்காரப்போகிறவர்களை அறையில் கடைசி வரிசையில் உட்காரவைக்காதே, நான் அந்தத் தப்பையும் செய்திருக்கிறேன். ஜெர்சி கொடுக்கும்போது அவர்களுக்கும் உன் கையாலேயே கொடு.

படத்தில் இருப்பவர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறவர்களைக் கூப்பிடு. ஆட்டத்துக்கு முன் வேண்டாம், முடிந்தபிறகு. பள்ளியில் தேநீரும் ரொட்டியும் வைத்து, பையன்களோடு ஒரே மேசையில் உட்காரவை. என்னென்ன தவறவிட்டார்கள், யார் யாரைத் திட்டினார்கள், எவனுக்குக் கால் நடுங்கியது என்று கிழவர்கள் சொல்வார்கள். சட்டத்துக்குள் கைகட்டி நிற்கும்போது வராத பேச்செல்லாம் வரும். கோப்பை மேசைமேல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் அவர்களைக் கூப்பிட்டதைத் திரும்பப் பெறாதே.

பழைய மாணவர்கள் வருத்தப்படுவார்கள் என்று எழுதியிருந்தாய். நான் கேட்டேன் என்று சொல், என்மேல் போடு. ஆட்டத்தன்று காலை பஸ் கிளம்புவதற்கு முன் பள்ளிக்கு வந்துவிடுகிறேன். படத்தை என்னிடம் கொடு, ஒரு போர்வையில் சுற்றி என் காரின் பின்சீட்டில் வைத்துக்கொண்டு உங்கள் பின்னாலேயே வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்