பிரிண்டருக்கு வயர், போனுக்கு வைஃபை

புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகமோ அறந்தாங்கி, ஆலங்குடி வட்டாட்சியர் அலுவலகமோ, பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை நிச்சயம் இருக்கும். பட்டா, சிட்டா, சாதிச் சான்றிதழ் எல்லாமே இன்று போனில் பி.டி.எஃப். கோப்பாக வருவதால், போனிலிருந்தே பிரிண்ட் போக வேண்டும் என்று கடைக்காரர் நினைப்பது நியாயம்தான். அதற்காக 'வைஃபை பிரிண்டர்' என்று கேட்டு வாங்குகிறார். சில நாளில் 'பிரிண்டர் ஆஃப்லைன்' என்று வருகிறது. வைஃபை வசதி உள்ளதா என்பதைவிட, லேன் வயர் செருகும் துளை உள்ளதா என்று பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம். போன் வைஃபையில் இருக்கட்டும். ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் பிரிண்டருக்கு அது எதற்கு?

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முடிந்து கரண்ட் வரும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். ரவுட்டரும் பிரிண்டரும் ஒன்றாக உயிர்பெறுகின்றன. ரவுட்டர் தயாராகும் முன்பே பிரிண்டர் ஐ.பி. முகவரி எண் கேட்டால் பதில் வராது, 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே சூட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவதும் உண்டு. சில சமயம் ரவுட்டர் பிரிண்டரின் பழைய எண்ணை வேறு கருவிக்குக் கொடுத்துவிடும். கம்ப்யூட்டரோ பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும். இதற்கு மருந்து, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் பிரிண்டருக்கு ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுவது. இதை வைஃபை பிரிண்டருக்கும் செய்யலாமே என்பீர்கள். செய்யலாம், ஆனால் பாதி நோய்தான் தீரும். விலை குறைந்த பிரிண்டர்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். வைஃபை பெயரையோ பாஸ்வேர்டையோ மாற்றினால் பிரிண்டரிலும் மறுபடி பதிய வேண்டும். வயரில் இந்தத் தொல்லைகள் கிடையாது.

அடுத்தது வைஃபை டைரக்ட். ரவுட்டரே இல்லாமல் போனும் பிரிண்டரும் நேராகப் பேசிக்கொள்ளும். வீட்டில் எப்போதாவது ஒரு பக்கம் எடுப்பவருக்கு இது போதும். கடைக்கு ஒத்துவராது: இணைந்திருக்கும் நேரத்தில் சில போன்களில் இணையம் தடைபடும்; ஒவ்வொரு வாடிக்கையாளரையும் தனித்தனியாக இணைக்கவும் வேண்டும். கேனன் எல்.பி.பி. 2900 போன்ற பழைய யு.எஸ்.பி. பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம் என்பேன். விண்டோஸில் பகிர்ந்தாலும் போன் அதை நேரடியாகக் காணாது. வாட்ஸ்அப்பில் வரும் கோப்பைக் கம்ப்யூட்டரில் திறந்து அடிக்கும் வழக்கமே அதற்குச் சரியான வழி. (வேலை முடிந்ததும் அடுத்தவரின் ஆதாரை அழித்துவிடுங்கள்.)

வயர் இழுக்க முடியாத இடம் உண்டே என்ற ஆட்சேபம் உண்மையானது. ராயவரம், கோனாப்பட்டுப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளில் சுவரைத் துளைக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் அந்தத் தடித்த சுவர்தான் வைஃபையையும், குறிப்பாக 5 கிகாஹெர்ட்ஸ் அலையையும், மறிக்கிறது. லேன் வயர் 100 மீட்டர் வரை செல்லும். நிலைப்படி ஓரமாகக் கொண்டுபோனாலும் போதும். அதற்கும் வழியில்லையென்றால் பிரிண்டரை ரவுட்டர் பக்கத்திலேயே வைப்பது நல்லது.

எந்த வழியில் இணைத்தாலும், மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஒரு சோதனை. பிரிண்டரின் திரையிலோ அது அச்சிடும் அமைப்புத் தாளிலோ ஐ.பி. எண் இருக்கும். 192.168.1.50 என்பதுபோல் இருக்கும் அந்த எண்ணைப் போனின் பிரவுசரில் அடியுங்கள். பிரிண்டரின் பக்கம் திறந்தால் பாதை சரி. கோளாறு அநேகமாகப் போனின் பிரிண்ட் சேவையில். ஆண்ட்ராய்டு 8 முதல் அது போனோடு வருகிறது. அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஐபோனுக்கு ஏர்பிரிண்ட் ஆதரவுள்ள பிரிண்டர் வேண்டும். கூகுள் கிளவுட் பிரிண்டை நம்பிய பழைய குறிப்புகளைத் தூக்கிப்போடுங்கள். 2020 டிசம்பர் 31-உடன் அது முடிந்துவிட்டது. பக்கம் திறக்காவிட்டால், உங்கள் போன் 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். கெஸ்ட் வைஃபையின் வேலையே மற்றக் கருவிகளைக் கண்ணில் காட்டாமலிருப்பது. வாடிக்கையாளர் போன் அங்கேயே இருக்கட்டும்; பிரிண்டரை எட்டும் வைஃபையின் பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.