கடை போட்ட இடத்துக்கு நாம் கட்டும் பணம்: ஒரு வருசக் கணக்கு



குழுவில் கடன் வாங்கிக் கடை நடத்துகிற சகோதரிகள் நம் கூட்டமைப்பில் நிறையப் பேர் இருக்கிறோம். பெட்டிக்கடை, இட்லிக் கடை, பூக்கடை, தரையில் சாக்கை விரித்துக் காய்கறி வியாபாரம் என்று பல விதம். கடன் தவணை எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். ஆனால், "கடை போட்ட இடத்துக்கு வருசத்துக்கு எவ்வளவு கட்டுறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "அது என்னக்கா, தினம் வந்து வாங்கிட்டுப் போவாங்க, யாரு கணக்குப் பார்த்தா?" என்பதுதான் பதில். இந்த மாதப் பாடம் அந்தக் கணக்கைப் பற்றியது.

ஒரு நாளைக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரச் சந்தைக்கு மட்டும் போகிறவருக்கு 52 வாரத்துக்கு 1,040 ரூபாய். தினசரி மார்க்கெட்டில் உட்காருகிறவர் வருசத்தில் 300 நாள் கடை போட்டால் 6,000 ரூபாய். இதை இன்னொன்றோடு ஒப்பிடுவோம். தொழில் வரி என்று ஒன்று இருக்கிறது. எவ்வளவு பெரிய சம்பளக்காரராக இருந்தாலும், பெரிய ஜவுளிக்கடை முதலாளியாக இருந்தாலும், ஒருவரிடம் வருசத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது. அரசியல் சட்டம் 276வது பிரிவே அப்படித்தான் சொல்கிறது. கூடையோடு உட்கார்ந்திருக்கும் நம் அக்கா 20 ரூபாய், 20 ரூபாயாக அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்துவிடுகிறார்! ஒன்று வரி, மற்றொன்று இடத்துக்கான கட்டணம், இரண்டும் ஒன்றல்ல என்பது உண்மைதான். இருந்தாலும் மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால்தான் நமக்கே மலைப்பாக இருக்கிறது.

வரிக்கும் கட்டணத்துக்கும் என்ன வித்தியாசம்? வரி பொதுச் செலவுக்குப் போவது. இதற்கு எனக்கு என்ன கிடைத்தது என்று தனியாகக் கேட்க முடியாது. கட்டணம் அப்படியில்லை. இடம், தண்ணீர், விளக்கு, கழிப்பறை, குப்பை அள்ளுவது என்று ஏதோ ஒரு வசதிக்காக வாங்குவது. கட்டணம் கொடுத்தவர் வசதியைக் கேட்கலாம். விடியற்காலை மூன்று மணிக்கு மூட்டையை இறக்கிவிட்டு, மதியம் வரை சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்களுக்கு இந்த வித்தியாசம் கட்டாயம் தெரிய வேண்டும்.

கட்டடத்தில் கடை வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சொத்து வரி கட்டட உரிமையாளர் பொறுப்பு. வாடகை ஒப்பந்தத்தில் நம் தலையில் எழுதியிருக்கிறார்களா என்று கையெழுத்துப் போடும் முன்பே படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தொழில் வரி அரை வருசத்துக்கு ஒரு தடவை: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். ஆறு மாத வருமானம் 21,000 ரூபாய் வரை இருந்தால் இந்த வரி கிடையாது. நம்மில் பல பேர் இதற்குள்தான் வருவோம். நோட்டீஸ் வந்தால் பயந்துபோய்க் கடன் வாங்கிக் கட்ட வேண்டாம். வரவு செலவு நோட்டை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். தினம் நோட்டு எழுதச் சொல்லி ஊக்குநர்கள் நச்சரிப்பது இதற்கும்தான்.

இனி தரைக்கடைக்கு வருவோம். சந்தை ஊராட்சிக்கோ, ஊராட்சி ஒன்றியத்துக்கோ, பேரூராட்சிக்கோ, நகராட்சிக்கோ சொந்தமாக இருக்கும். வசூல் செய்யும் உரிமையைப் பெரும்பாலும் ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்த குத்தகைதாரர் ஆள் வைத்துச் சுங்கம் தண்டுவார். கூடைக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு, தரைக்கடைக்கு இவ்வளவு என்று ரேட்டை முடிவு செய்வது குத்தகைதாரர் இல்லை, அந்த உள்ளாட்சி மன்றம். இதுதான் முக்கியம். தண்டுகிறவர் வாய்க்கு வந்ததைக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

ரேட் எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? நுழைவாயிலில் போர்டு இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஏலத் தொகை, நிபந்தனைகள், கட்டணப் பட்டியல் மூன்றையும் ஒரே மனுவில் கேட்டுவிடலாம்.

போன கூட்டத்தில் ஒரு சகோதரி சொன்னதை இங்கே எழுதியே ஆக வேண்டும். பதினோரு வருசமாக ஒரே இடத்தில் வெற்றிலை வியாபாரம். ஒரு நாள் வந்து இடத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். "பதினோரு வருசமா இங்கதான் இருக்கேன்" என்றதற்கு, "என்ன ஆதாரம்?" என்று கேட்டார்களாம். தினம் பணம் கொடுத்தவரிடம் ஒரு சீட்டுக்கூட இல்லை. வாங்கிய சீட்டையும் வெற்றிலைக் கட்டோடு தண்ணீரில் போட்டு ஊற வைத்துவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் கடை போடுகிறவர்களுக்குத் தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014 துணை நிற்கிறது. ஐந்து வருசத்துக்கு ஒரு முறையாவது கணக்கெடுத்து, விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. வேறு இடத்துக்கு மாற்றுவதாக இருந்தால் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும்; அதில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகள், அந்த வியாபாரிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 2020 ஜூனில் தொடங்கிய பிரதமரின் ஸ்வநிதி கடனுக்கும் இந்தச் சான்று உதவும். 2025-ல் மாற்றி அமைத்த பிறகு அதில் முதல் கடன் 15,000 ரூபாய், அடுத்து 25,000, பிறகு 50,000. கிராம ஊராட்சிச் சந்தைக்கு இந்த 2014 சட்டம் பொருந்தாது. அங்கே கிராம சபைதான் நம் மேடை.

சொந்த நிலத்தில் விளைந்ததை விற்பவர்களுக்கு இன்னொரு வழி உழவர் சந்தை. 1999 நவம்பர் 14-ல் மதுரையில் முதலில் திறந்தார்கள். நம் மாவட்டத்தில் தேனி, கம்பம் ஆகிய ஊர்களில் இருக்கிறது. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிக்கு அங்கே கடை வாடகை கிடையாது, தராசும் இலவசம். அட்டை பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது என்பது தனிக் கதை, அதை வேறொரு மாதம் பேசுவோம்.

கட்டணம் கொடுப்பவர்களே செலவையும் முடிவு செய்ய முடியுமா? கனடா நாட்டில் டொராண்டோ நகரத்தில் ஒரு கடைத்தெரு. புதிதாக வந்த பெரிய வணிக வளாகங்களுக்கு ஆட்கள் போய்விட, கடைக்காரர்கள் ஒன்றுகூடி, "எங்கள் தெருவில் எல்லாக் கடைக்கும் வருசக் கட்டணம் போடுங்கள், அதை எங்கள் தெருவுக்கே செலவு செய்யுங்கள்" என்று தாங்களே போய்க் கேட்டார்கள். 1970-ல் அது நடைமுறைக்கு வந்தது. நகராட்சி சொத்து வரியோடு சேர்த்து வசூல் செய்யும். விளக்கா, மரமா, பெஞ்சா என்று கடைக்காரர்கள் குழு முடிவு செய்யும். பல நாடுகளில் இன்று இந்த முறை இருக்கிறது. பெரிய கடைக்காரர் பேச்சே அதில் எடுபடும் என்ற குறையும் உண்டு. நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் நாம் கொடுத்த சுங்கத்தில் சந்தைக்கு ஒரு கழிப்பறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, மழைக்கு ஒதுங்க ஒரு கூரை என்று கேட்பது அதே நியாயம்தான்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் இந்த ஒரு மாதத்துச் சீட்டுகளை ஊசியில் குத்தி எடுத்து வாருங்கள். ஊக்குநர், பிரதிநிதிகள் ஊர் வாரியாகக் கூட்டி எழுதுவார்கள். தகவல் மனுவை அன்றைக்கே எல்லோரும் உட்கார்ந்து எழுதிவிடலாம். சீட்டுக் கொடுக்கவே இல்லை என்றால், தேதியும் கொடுத்த தொகையும் நோட்டில் குறித்துக் கொண்டுவந்தால் போதும்.