கனடாவுக்குக் கூட்டம் ஏன் குறைந்தது?

அன்புள்ள கயல்,

"கனடாவுக்கு இப்போ யாருமே அப்ளை பண்றதில்லையாம், நானும் ஜெர்மனிக்கு மாறிடவா சித்தப்பா?" என்று கேட்டிருந்தாய். மாறுவது உன் இஷ்டம். ஆனால் அந்தக் கூட்டம் எதற்காகக் கூடியது, ஏன் கலைந்தது என்று பார்த்துவிட்டு முடிவு செய்.

ஒன்டாரியோ மாகாண அரசு 2019-இல் உள்ளூர் மாணவர்களின் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்தது. பிறகு ஆண்டுக்கணக்கில் ஏற்றவும் விடவில்லை. கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்கள் பக்கம் திரும்பின. அவர்களிடம் பல மடங்கு வாங்கலாமே! சில அரசுக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தைத் தனியாருக்குக் கொடுத்து வகுப்பு நடத்தவிட்டன. நம் ஊர் ஏஜென்ட்கள் படிப்பையா விற்றார்கள்? படித்தபின் கிடைக்கும் வேலை அனுமதியையும் பி.ஆர். என்கிற நிரந்தர வசிப்புரிமையையும் காட்டித்தான் ஆள் பிடித்தார்கள்.

வாடகை எகிறியதும் பழி மாணவர்கள் தலையில் விழுந்தது. 2024 ஜனவரியில் கனடாவின் மத்திய அரசு உச்சவரம்பு போட்டது: அந்த ஆண்டுக்குச் சுமார் 3,60,000 படிப்பு அனுமதிகள், முந்தைய ஆண்டைவிட 35 சதவீதம் குறைவு. அந்தத் தனியார் கூட்டுப் படிப்புகளில் புதிதாகச் சேர்வோருக்கு வேலை அனுமதியும் போனது. கல்லூரி டிப்ளமோ என்றால், ஆள் தட்டுப்பாடுள்ள துறையில் இருந்தால்தான் அது கிடைக்கும் என்று நவம்பரில் இன்னொரு விதி.

இதில் உனக்கு என்ன? நீ போவது மாஸ்டர்ஸ். பல்கலைக்கழகப் பட்டத்துக்குத் துறைக் கட்டுப்பாடு கிடையாது. அரசுப் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸ் சேர்பவர்களுக்கு 2026 ஜனவரி முதல், அந்த உச்சவரம்புக்காக மாகாணம் தரும் சான்றுக் கடிதமும் தேவையில்லை. கதவு சாத்தியது பெரும்பாலும் டிப்ளமோக்காரர்களுக்குத்தான். ஏஜென்ட் இதைப் பிரித்துச் சொல்லமாட்டார்.

உன்னைத் தொடுவது பணம். செலவுக்குக் காட்டவேண்டிய தொகை 10,000 கனடிய டாலராக இருந்தது; 2024-இல் 20,635, 2025 செப்டம்பரில் 22,895. ஃபீஸ் தனி. அந்தத் தொகையை ஜி.ஐ.சி. என்கிற கனடா வங்கி வைப்பில் போட்டால், போய் இறங்கியதும் ஒரு பகுதிதான் கைக்கு வரும், மீதி தவணையாக. ஒன்டாரியோவில் வீட்டுக்காரர்கள் முதல் மாத வாடகையோடு கடைசி மாதத்தையும் சேர்த்துக் கேட்பார்கள். அதற்குத் தனியாக எடுத்துவை.

ஜெர்மனி மட்டும் சும்மாவா? நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வேண்டும், மாதாமாதம் மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ வேண்டும். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் ஃபீஸ் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ.

அப்பா பேங்க் படி ஏறுமுன் இரண்டு நாட்டுக் கணக்கையும் ஒரே தாளில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
சித்தப்பா