முகம் தெரியாதவர் சொல்லும் சொல்



நான் கோப்பெங்கில் ஒரு கடையில் கவுண்டர் வேலை பார்க்கிறேன். ஈப்போவுக்கும் கம்பாருக்கும் போகிறவர்கள் வழியில் இறங்கி சாமான் வாங்குவார்கள். பெரும்பாலோரை மறுபடி பார்க்கவே மாட்டேன். ஆனாலும் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவார்கள். "என்னம்மா, இவ்வளவு ஸ்லோவா?" "கொஞ்சம் சிரிச்சா என்னவாம்?" நிறத்தையும் பேச்சையும்கூட சிலர் விட்டுவைப்பதில்லை. எஸ்பிஎம் முடித்ததும் உங்களில் பலர் இப்படிப்பட்ட வேலைக்குத்தான் போவீர்கள். அதனால்தான் இந்தப் பாடம்.

இந்த வேலையில் கால் வலிப்பதைவிட மனசு ஏன் அதிகம் களைத்துப் போகிறது? ஆர்லி ஹாக்சைல்ட் என்ற அமெரிக்க சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983-இல் ஒரு நூல் எழுதினார். உள்ளே கோபம் இருந்தாலும் வெளியே சிரிப்பதும் ஓர் உழைப்புதான் என்று அதில் காட்டினார். ஆகவே வேலை முடிந்து சோர்ந்து போனால், "நான் பலவீனமானவள்" என்று நினைக்க வேண்டாம். உழைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பகவத் கீதை 12-ஆம் அத்தியாயம், 19-ஆம் சுலோகத்தில் கண்ணன், இகழ்ச்சியையும் புகழ்ச்சியையும் சமமாகக் கொள்பவன் தனக்குப் பிரியமானவன் என்கிறார். நாம் இகழ்ச்சியை மட்டும்தான் பிரச்சனை என்று நினைக்கிறோம். கீதை புகழ்ச்சியையும் பக்கத்திலேயே வைக்கிறது. "நல்ல பிள்ளை" என்று யாரோ சொன்னதற்கு நாள் முழுக்க மிதந்தால், "சோம்பேறி" என்று யாரோ சொன்னதும் நாள் முழுக்க மூழ்கத்தான் வேண்டும். இரண்டு பேருமே நம்மை இரண்டு நிமிடம் பார்த்தவர்கள்தானே!

எனக்கு உதவும் வழி இது. ஒரு சொல் வந்ததும் என்னையே கேட்பேன்: இது என் வேலையைப் பற்றியதா, என்னைப் பற்றியதா? "மீதிக் காசு குறையுது" என்றால் வேலையைப் பற்றியது. எண்ணிப் பார்த்துச் சரிசெய்வேன். "உங்க ஆளுங்களே இப்படித்தான்" என்றால், அதில் திருத்த ஒன்றுமில்லை. அது அவர் கொண்டுவந்த மூட்டை. அவரே தூக்கிக்கொண்டு போகட்டும்.

ஆனால் பொறுமை என்றால் எதையும் வாங்கிக்கொள்வது அல்ல. டிக்டாக்கில் ஈஷா என்று அறியப்பட்ட ராஜேஸ்வரியும் தினமும் அந்நியர் முன்னால் நின்றவர்தான். இணையத்தில் வந்த மிரட்டலுக்கும் அவமதிப்புக்கும் பிறகு, 2024 ஜூலையில் நாம் அவரை இழந்தோம். அவரை அவமதித்த ஒருவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 100 ரிங்கிட். நாடே கொதித்தது. தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஜூலை 11 முதல் பகடிவதை தனிக் குற்றமாக அமலுக்கு வந்தது. ஆகவே மிரட்டினாலோ விடாமல் தொல்லை கொடுத்தாலோ, மேனேஜரிடம் சொல்லுங்கள், ஆதாரத்தை வைத்துக்கொள்ளுங்கள், போலீசில் புகார் செய்யுங்கள். மனசு தாங்கவில்லை என்றால் வீட்டில் ஒருவரிடமாவது பேசுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555.

கலந்துரையாட:

1. சென்ற வாரம் உங்களைப் பற்றி ஒருவர் சொன்னது வேலையைப் பற்றியதா, உங்களைப் பற்றியதா?

2. புகழ்ச்சிக்காக நாம் எதையெல்லாம் செய்கிறோம்?

3. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது நாமும் ஓர் அந்நியர்தான். கடைசியாக நாம் கடைக்காரரிடம் பேசிய சொல் என்ன?

மூன்றாவது கேள்விக்கு மட்டும், தயவுசெய்து உண்மையான பதில் சொல்லுங்கள்.